பொட்டு வைத்த பத்திரம்

விக்கிரமங்கலத்தில் எங்கள் மூத்தார் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் தண்ணீர் கிடைக்காது. முதலில் பெட்டியைக் காட்டுவார்கள். பூஜை அறையில், சாமி படங்களுக்குக் கீழே, பித்தளைப் பூண் போட்ட தேக்குப் பெட்டி. வந்தவர் அதைப் பார்த்து "அடேயப்பா!" என்று சொன்ன பிறகுதான் உள்ளேயிருந்து சொம்பு வரும்.

மூத்தார் என்பது என் கணவருக்குப் பெரியப்பா முறையாக வேண்டியவரின் மகன் இளையபெருமாள். பெட்டிக்குள் இருப்பவை கம்பெனி காலத்துக் கடுதாசிகள். இவர்களுடைய முப்பாட்டனார் ஒருவர், ஊரில் இருந்த அத்தனை பேர் மேலும் வழக்குப் போட்டவராம். கலெக்டர் துரைக்கு அவர் எழுதிய மனுக்கள், கோர்ட்டு நகல்கள், பட்டாக்கள், சம்பந்திகளைத் திட்டி எழுதிய கடிதங்கள், கடைசியாக அவருடைய பிள்ளைகள் இருவரும் சொத்தைப் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம், எல்லாம் அதில் இருப்பதாகச் சொல்வார்கள். சொல்வார்கள் என்றுதான் நான் எழுத முடியும். படித்தவர் ஒருவரும் இல்லை. சொத்தைப் பிரித்த அண்ணனும் தம்பியும் பெட்டியை மட்டும் பிரிக்காமல் விட்டார்கள். அது மூத்தவர் வழியிலேயே தங்கிவிட்டது. இளையவர் வழியில் வந்த எங்களுக்குக் கும்பிட்டுக்கொள்ளும் உரிமை மட்டும் தாராளமாகக் கொடுத்திருந்தார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த அன்று, மாமியார் காலில் விழுவதற்கு முன்னால் பெட்டியின் முன் விழச் சொன்னார்கள். விழுந்தேன். எழுந்ததும், "உள்ள என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டேன். நான் வாத்தியார் வேலைக்குப் படித்தவள். எழுத்து இருக்கிறது என்றால் படிக்கத் தோன்றாதா? மூத்தாரின் மனைவி கொளஞ்சியம்மாள் மோவாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடி ஆத்தி! சாமியப் போயி என்ன எழுதியிருக்குன்னு கேக்குறா பாரு. படிச்ச பொண்ணு வேணாம்னு நான் அப்பவே தலபாடா அடிச்சிக்கிட்டேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு வாத்தியாரம்மா என்று பெயர். மரியாதைக்காக வைத்த பெயர் இல்லை.

பெட்டியை வருஷத்துக்கு ஒரு முறை, சரஸ்வதி பூஜையன்று திறப்பார்கள். பட்டுத் துணியை அவிழ்த்துக் கடுதாசிக் கட்டை மனைப்பலகையில் வைப்பார்கள். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். மூலைக்கு மூலை சந்தனம், நடுவில் குங்குமம், அதன்மேல் இலை போட்டு நெய் ஒழுகச் சர்க்கரைப் பொங்கல். சாம்பிராணி காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் புதுப் பட்டில் சுற்றிப் பூட்டிவிடுவார்கள். பழைய பட்டு கொளஞ்சியம்மாளுக்கு ரவிக்கையாகும். பெண்கள் நிலைப்படிக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்பதால் நான் கண்டதெல்லாம் புகையும் மூத்தாரின் முதுகும்தான். நானும் சரஸ்வதியைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் அவள் கையில் ஏடு இருப்பது படிப்பதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொட்டு வைப்பதற்கு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்தப் பிரிவினையில் எங்கள் வழிக்கு வந்ததாக நாங்கள் அனுபவித்தது கேணிக்கொல்லை என்கிற புஞ்சை. எந்தக் கோடையிலும் வற்றாத கேணி. அதில் இறைத்து மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டுத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. என் சம்பளம் உப்புக்கும் புளிக்கும் சரி; சோறு அந்தக் கொல்லை போட்டதுதான். யுத்தம் முடிந்த வருஷம் மழை பொய்த்தது, மூத்தாரின் கேணி அடித்தரை தெரிய வற்றிப்போயிற்று. உடனே அவருக்கு ஞானம் பிறந்தது. கேணிக்கொல்லை மூத்தவர் வழிக்கு உரியது என்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது, ஏதோ பாவம் என்று விட்டுவைத்ததால் இளையவர் வழி அனுபவித்து வந்தது என்று அரியலூர் முனிசீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை இரண்டு தரப்பும் கேணியில் இறைக்கக் கூடாது என்று தடையும் வாங்கிவிட்டார்.

கண்ணெதிரே தண்ணீர் கிடக்கிறது, செடி வாடுகிறது.

எங்கள் வக்கீல் வைத்திலிங்கம் அரியலூர்க்காரர், பேச்சில் சர்க்கரை போடாதவர். "வரி ரசீது எல்லாம் உங்க மாமனார் காலத்திலேருந்து வச்சிருக்கீங்க, நல்லது. ஆனா அவங்க பத்திரம்னு ஒண்ணக் காட்டி அதுல அவங்க பேரு இருந்துட்டா ரசீது நிக்காதும்மா. பத்திரத்துல உங்க பக்கம்னு இருந்தா கேஸ் ஒரே நாள்ல முடிஞ்சிடும். அவங்க பக்கம்னு இருந்தாலும் ஒரே நாள்தான். எப்படியும் பொட்டியத் தொறந்தாகணும்."

திறந்தால்தானே! கோர்ட்டு கேட்டபோதெல்லாம் மூத்தாரின் வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு, அது பூஜையில் இருக்கும் பெட்டி, வேளை தப்பித் திறந்தால் குலம் நாசமாகும் என்று வாய்தா வாங்கினார். சரஸ்வதி பூஜைக்கோ இன்னும் எத்தனையோ மாசம் இருந்தது. அதற்குள் கொல்லை சுடுகாடாகிவிடும். மூத்தாருக்கு வேண்டியதும் அதுதான். பட்டினி கிடந்தால் தம்பி தானாக வந்து எழுதிக் கொடுத்துவிடுவான் என்று கணக்கு.

தம்பியோ, கேட்காமலே எழுதிக் கொடுக்கிற ஜாதி. என் கணவர் செல்லமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், தன்மேல் வழக்குப் போட்ட வீட்டுக்குப் போய், வழக்குக்குக் காரணமான பெட்டியை வெள்ளிக்கிழமை தோறும் கும்பிட்டுவிட்டு வருகிற மனிதர்.

"உங்க அண்ணன் நம்ம வவுத்துல அடிக்கிறாரு. நீங்க அங்க போயி கன்னத்துல போட்டுக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டேன்.

"பத்திரத்துல அப்படித்தான் எழுதியிருக்குன்னு அண்ணன் சொல்றாருல்ல. அவரு பொய் சொல்லுவாரா?"

"அவரு படிச்சாராங்க?"

"சாமிய எப்படிடி படிக்கிறது?"

இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேசுவது? தலையில் அடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் ஒரு நாள் அருளானந்தம் சார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர், திருச்சியில் ஒரு காலேஜில் சரித்திரம் நடத்துகிறவர். பழைய குடும்பங்களில் கிடக்கும் கடிதங்களையும் கோர்ட்டுக் காகிதங்களையும் தேடிச் சேர்ப்பது அவருக்கு வெறி. சித்திரையில் அரியலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அதையெல்லாம் கண்காட்சியாக வைக்கப் போவதாகச் சொன்னார். "இந்த ஊருல ஒரு பெட்டி இருக்காமே டீச்சர்? கம்பெனி காலத்துதுன்னு சொல்றாங்க. அதுல ஒரு கடுதாசி கண்ணால பார்த்தாப் போதும்" என்று உருகினார். அவருக்கும் பெட்டி திறக்க வேண்டும், எனக்கும் திறக்க வேண்டும். கடவுள் சில சமயம் சைக்கிளில்தான் வருவார்போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே அவரை மூத்தார் வீட்டுக்கு அழைத்துப் போனேன். பெட்டி காட்டப்பட்டது. "அடேயப்பா!" சொல்லப்பட்டது. சொம்பு வந்தது. திறக்கும் பேச்சை எடுத்ததும் மூத்தார் மீசையைத் தடவினார்.

"அதெல்லாம் முடியாதுங்க. எங்க குலதெய்வமே அதுக்குள்ளதான் இருக்கு. கோர்ட்டே கேட்டுத் தொறக்கல."

சார் கெஞ்ச ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்தேன். "விடுங்க சார். மாமாவத் தொந்தரவு பண்ணாதீங்க. திருமழபாடியில வெள்ளைச்சாமி வூட்டுல இதவிடப் பழைய கடுதாசி இருக்காம். அவரு எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டாராமே? மொத மேசையில அவரு பேரப் போட்டுடுங்க. டிப்டி கலெக்டர் போடுற மாலையையும் அவருக்கே போட்டுடட்டும்."

மூத்தாரின் முகம் சுண்டிப்போயிற்று. அந்தப் பங்குனியில் திருமழபாடி நந்தி கல்யாணத் திருவிழாவில் முதல் மாலை வெள்ளைச்சாமி கழுத்தில் விழுந்ததிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கொளஞ்சியம்மாளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

"வெள்ளைச்சாமியா? அவன் அப்பன் எங்க வூட்டு வாசல்ல துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நின்னவன். அவன்கிட்ட ஏது பத்திரம்?"

"எனக்கென்ன மாமா தெரியும்? மொத மேசைன்னு பேசிக்கிறாங்க."

"டிப்டி கலெக்டர் வராரா?" என்று சாரிடம் கேட்டார்.

"வராருங்க. போட்டோவும் எடுக்கிறாங்க."

போட்டோ என்ற சொல் கேட்டதும் குலநாசம், தெய்வக்குற்றம் எல்லாம் காற்றில் பறந்தன. கோர்ட்டுக்குத் திறக்காத பெட்டி போட்டோவுக்குத் திறக்கும்! "ஒரு பரிகார பூஜை பண்ணிட்டாச் சரியாப் போயிடும்" என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். நான் வெளியே வந்து தெருமுனை திரும்பும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

கண்காட்சியன்று எல்லோரும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் மூச்சுத் திணறி அரியலூருக்கு வந்தோம். மூத்தார் மட்டும் பெட்டியை வில்வண்டியில் ஏற்றி, முன்னால் மேளம் வைத்துக்கொண்டு வந்தார். அதென்ன பெண் அழைப்பா? ஹாலில் மேசை மேசையாகக் காகிதங்கள். வெள்ளைச்சாமி ஒரே ஒரு கடிதத்தைத்தான் கொண்டுவந்திருந்தார், கண்ணாடிச் சட்டம் போட்டு. மை மங்கியிருந்தாலும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்க முடிந்தது. மூத்தார் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று சத்தமாகச் சிரித்தார்.

முதல் மேசையில் பெட்டி. எங்கள் வக்கீல் வைத்திலிங்கம் சொல்லிவைத்தபடி சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். டிப்டி கலெக்டர் வந்தார். மூத்தார் கற்பூரத்தைக் கொளுத்தினார். அருளானந்தம் சார், "ஐயோ, நெருப்பு! கடுதாசி இருக்கிற இடத்துல நெருப்பு!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து வாயால் ஊதி அணைத்தார். சாமிக் கற்பூரத்தை ஊதிவிட்டாரே என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. ஒருவழியாகப் பட்டு அவிழ்ந்தது.

உள்ளே கடுதாசி இல்லை. செங்கல் இருந்தது.

செங்கல் என்றால் செங்கல்லேதான். ஒரு முழ நீளம், மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம், மேலே நெய்ப்பிசுக்கு, ஓரமெல்லாம் சந்தனம் காய்ந்து வெடித்த பொறுக்கு. தலைமுறை தலைமுறையாகத் தெளித்த மஞ்சள் தண்ணீரும், அப்பிய சந்தனமும், ஒழுகிய நெய்யும், சர்க்கரைப் பொங்கலும் சேர்ந்து அத்தனை கடுதாசியையும் ஒரே கட்டியாக ஒட்டி இறுக்கிவிட்டன. சர்க்கரைக்கு வந்த எறும்பு போன வழியும், ராமபாணப் பூச்சி துளைத்த துளையும் தெரிந்தன. சார் மெல்லிய கத்தியை ஓரத்தில் நுழைத்தார். மொறுக்கென்று ஒரு சில்லு பெயர்ந்து விழுந்து, தரையில் தூளாயிற்று. இன்னொரு இடத்தில் நுழைத்தார். அங்கேயும் தூள்தான்.

"படிச்சிருந்தாக்கூட இப்படி ஆகியிருக்காதே! யாராவது ஒருத்தர் புரட்டியிருந்தா…" என்று சொல்லி அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். என் மிளகாய்ச் செடி வாடியதைச் சொன்னபோது அந்தக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கும் அழுகை வந்தது. ஊரையே கோர்ட்டுக்கு இழுத்த அந்தக் கிழவர் சம்பந்தியை என்னென்ன திட்டியிருப்பார்! துரைக்கு எப்படியெல்லாம் பணிந்தும் பணியாமலும் எழுதியிருப்பார்! அவர் வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க மாட்டாரா? அவ்வளவையும் பொட்டு வைத்தே கொன்றுவிட்டார்களே பாவிகள். எதிரிகூட இவ்வளவு கச்சிதமாக அழித்திருக்க மாட்டான்.

மூத்தார் என்ன செய்தார் தெரியுமா? வருஷா வருஷம் பார்த்த கட்டிதான்; அவருக்கு அது சாமி, காகிதமாக ஒரு நாளும் பார்த்ததில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். "பாத்தீங்களா! சாமி ஒண்ணாச் சேந்துட்டாரு! பிரிக்க முடியாதுன்னு காட்டிட்டாரு!" என்று கத்தினார். உடனே கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மேளக்காரன் கெட்டிமேளம் கொட்டினான். என் கணவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். என்ன செய்வது என்று தெரியாத டிப்டி கலெக்டர், கையிலிருந்த மாலையைச் செங்கல்லுக்கே போட்டுவிட்டார். போட்டோவும் எடுத்தார்கள்.

வக்கீல் வைத்திலிங்கம் மட்டும் என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குப் போயி ரசீதுங்களைத் தொடச்சி வைங்கம்மா" என்றார்.

அடுத்த வாய்தாவில் பெட்டியைத் திறக்கமாட்டேன் என்று மூத்தாரால் சொல்ல முடியவில்லை. போட்டோவே சாட்சி. செங்கல்லைப் பட்டில் சுற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து, அதுதான் பத்திரம் என்று மேசைமேல் வைத்தார்கள். முனிசீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இதில் கேணிக்கொல்லை என்று எழுதியிருக்கும் இடத்தைப் படித்துக் காட்டுங்கள்" என்றார்.

மூத்தாரின் வக்கீல் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். "படிக்க இயலாது. ஆனால் மிகுந்த பக்தியோடு பாதுகாக்கப்பட்ட பத்திரம் என்பதைக் கனம் கோர்ட்டார் கவனிக்க வேண்டும்."

"பக்தி சாட்சிக்கூண்டில் ஏறாது" என்றார் முனிசீப்.

எங்கள் வரி ரசீதுகள் என் அடுக்களைச் சுவரில், ஒரு கம்பியில் குத்தித் தொங்கியவை. புகை ஏறிய ரசீதுகள்தான். ஆனால் மாமனார் பெயரும், கொல்லையின் சர்வே நம்பரும் பளிச்சென்று இருந்தன. அவற்றுக்கு யாரும் ஒரு நாளும் பொட்டு வைக்கவில்லை, அதனால்தான் பிழைத்தன. ஆடியில் தீர்ப்பு வந்தது. பத்திரம் என்று சொன்னவர் நிரூபிக்கவில்லை, அனுபவமும் வரியும் எங்கள் பக்கம், கொல்லையும் கேணியும் எங்களுக்கே, தடை நீங்கியது. அந்தப் பத்திரத்தில் உண்மையில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. மூத்தாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்றைக்கே மாட்டைக் கட்டி இறைத்தோம். மிளகாய் போனது போனதுதான். வெங்காயம் புதிதாக வைத்தோம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

தீர்ப்பின் நகலை மனுப் போட்டு வாங்கினேன். கோர்ட்டுக் குமாஸ்தா முத்து முத்தாக எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பலமுறை படித்தேன், கணவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். பிறகு தகரப் பெட்டியில், புடவைக்கு அடியில் வைத்து, "இதத் தொடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. காலையில் பள்ளிக்கூடத்துப் பூஜையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே சாம்பிராணி வாசனை. உள்ளே போனால் நடுவீட்டில் மனைப்பலகை. பலகைமேல் தீர்ப்பு நகல். மேலே மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்டத் தெளித்திருந்தது. நாலு மூலையிலும் சந்தனம். நடுவில் ரூபாய் அகலத்துக்கு ஒரு குங்குமம். அதன்மேல் ஒரு இலை, இலையில் சர்க்கரைப் பொங்கல். என் கல்யாணப் பட்டில் கிழித்த துண்டு ஒன்று பக்கத்தில் மடித்துத் தயாராக இருந்தது.

என் கணவர் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, கைகூப்பி நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை; எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"பொன்னு, இனிமே அண்ணன் வூட்டுக்குப் போயிக் கும்பிட வேண்டியதில்ல. நமக்கும் ஒரு பெட்டி ஆயிடுச்சு."

"அடப்பாவி மனுஷா!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து காகிதத்தை எடுத்தேன். முந்தானையால் ஒற்றினேன். மை குங்குமத்தோடு சேர்ந்து இழுபட்டது. பொட்டு விழுந்த இடத்தில்தான் எங்கள் கொல்லையின் சர்வே நம்பர் இருந்தது. இப்போது அங்கே ஒரு சிவப்புத் தீற்றல் மட்டும் இருந்தது.

அடுக்களைக்கு ஓடினேன். கம்பியில் ரசீதுகள் இருந்தன. அவற்றின் மேல் ஒரு செம்பருத்திப் பூ செருகியிருந்தது. சந்தனக் கிண்ணம் கீழே தயாராக இருந்தது, அடுத்தது அவைதான்.

கம்பியோடு பிடுங்கிக்கொண்டு கொல்லைப்புறம் வந்தேன். முதலில் மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் செருகினேன். பிறகு மாட்டுப் பொங்கல் வருமே என்று ஞாபகம் வந்தது, எடுத்துவிட்டேன். பள்ளிக்கூட அலமாரி என்று நினைத்தேன். அங்கே இப்போதுதான் நானே பூஜை செய்துவிட்டு வந்திருக்கிறேன். கலப்பைக்கும் பொட்டு, கேணிக்கும் பொட்டு, உரலுக்கும் பொட்டு. இந்த ஊரில் ஒரு காகிதத்தைக் கும்பிடாமல் வைத்திருக்க ஒரு சாண் இடம் தேடி அன்று முழுக்க அலைந்தேன்.

கடைசியில் ஓர் இடம் கிடைத்தது. எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் இந்த மனிதர் போய்ப் பொட்டு வைத்துவிடுவார்.